மோட்டார் மாறியது, ஆலை மாறவில்லை

கம்ப்யூட்டர் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் (ஒரு மணி நேர உழைப்பில் எவ்வளவு விளைகிறது என்ற அளவு) கணக்கில் மட்டும் தெரியவில்லை என்று 1987-ல் பொருளியலாளர் ராபர்ட் சோலோ எழுதினார்.

மின்சாரத்திலும் இதேதான் நடந்தது. நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் 1882-ல் ஓடத் தொடங்கியது. அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித்திறன் வேகமாக ஏறியதோ 1920-களில்தான். ஏன் இவ்வளவு தாமதம்? பழைய ஆலையில் ஒரே நீராவி எஞ்சின். கூரைக்கடியில் நீளமான இரும்புத் தண்டு. அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் ஓட்டும். ஒன்றே ஒன்று ஓடினாலும் முழுத் தண்டும் சுழல வேண்டும். முதலில் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிய மோட்டாரை வைத்தார்கள். பெரிதாக எதுவும் மாறவில்லை. இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று வந்து, வேலை நகரும் வரிசைப்படி இயந்திரங்களை மாற்றிப் போட்ட பிறகுதான் பலன் கிடைத்தது.

மென்பொருளிலும் இதே தப்பு. ஓர் அலுவலகத்தில் மணிக்கு 60 விண்ணப்பம் பதியலாம், 20 தான் சரிபார்க்கலாம் என்று வையுங்கள். மென்பொருள் வாங்கிப் பதிவை 120 ஆக்கினாலும் முடிவது 20 தான். மேசையில் குவியல்தான் கூடும். நெருக்கடி எந்தக் கட்டத்தில் என்று முதலில் அளந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள்.

அரசுகளிடமும் எனக்கு இதே ஆதங்கம். இயந்திரம் வாங்க விரைவுத் தேய்மானச் சலுகை, அதாவது விலையை முதல் சில ஆண்டுகளிலேயே வரிக் கணக்கில் கூடுதலாகக் கழித்துக்கொள்ளும் வசதி, பல நாடுகளில் உண்டு. பயிற்சிக்கும் பணிமுறையை மாற்றவும் ஆகும் செலவோ, நாட்டின் மொத்த உற்பத்தியை அளக்கும் தேசியக் கணக்கில் பெரும்பாலும் முதலீடாகவே பதிவாவதில்லை; வெறும் செலவாகவே போகிறது. அதனால் மாற்றம் நடக்கும் ஆண்டுகளில் உற்பத்தித்திறன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயிற்சி நிதியில் கை வைத்துவிடாதீர்கள்.