பதினேழு அங்குலம்

நவம்பர் 3, திங்கள்

22ஆம் தேதி சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று தம்பி சொல்லிவிட்டான். நடுவில் 18 நாள்தான். போனை வைத்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டாவது பாத்ரூமுக்குள் போய் நின்றேன். ஏழடி நீளம், நாலரை அடி அகலம். கதவு 28 அங்குலம். வாக்கரின் அகலம் 24 என்று தம்பி அளந்து சொன்னான். நுழைந்துவிடும். ஆனால் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

கதவைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

நவம்பர் 5, புதன்

பிசியோதெரபி மேடம் போனில் கால் மணி நேரம் பேசினார். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன இடுப்பு மூட்டு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, உட்காரும்போது முழங்கால் எப்போதும் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே இருக்க வேண்டும், அதனால் கமோடு உயரமாக இருக்கட்டும் என்றார். எவ்வளவு உயரம் என்று கேட்டேன். "கடையில எழுதியிருக்கறதப் பாக்காதீங்க, அவங்க காலை அளந்து பாருங்க" என்றார்.

பார்த்த இடத்திலெல்லாம் பெரியவர்களுக்கு 18, 19 அங்குலம் என்றுதான் போட்டிருக்கிறது. அம்மா நாலடி பத்தங்குலம். தம்பியை விட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளக்கச் சொன்னேன். பதினைந்தரை. 19 அங்குலத்தில் உட்கார்ந்தால் அம்மாவுக்குப் பாதம் தரையில் பதியாது. பாதம் ஊன்றாமல் எப்படி எழுந்திருப்பாள்? 17 போதும். மேலே போடும் சீட்டோடு சேர்த்து 17.

பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. "எதுக்குடா அளக்கறா, பாவாடை தைக்கவா?" குரல் நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

எங்கள் அபார்ட்மெண்டில் காலை 10 முதல் 1 வரைதான் உடைக்கலாம். பிளம்பர் அண்ணன் தர்மபுரிக்காரர், 9:50க்கே உளியோடு வாசலில் நின்றார். பழைய கமோடை வெள்ளை சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள், எடுக்கும்போது உடைந்தே வந்தது. புதுசுக்கு போல்ட் போட்டு ஓரத்தில் சிலிக்கான் அடித்துவிடலாம், நாளைக்குக் கழற்ற வேண்டியிருந்தாலும் உடைக்க வேண்டாம் என்றார். தரைக்குழியின் நடுவிலிருந்து சுவருக்கு டேப் பிடித்துக் காட்டினார். "எழுதிக்கோங்க மேடம். எஸ் ட்ராப், 9 இஞ்ச். கடையில வாயத் தொறந்ததும் இதைத்தான் சொல்லணும். கலரு, மாடலு எல்லாம் அப்புறம்."

பழைய டைல்ஸ் பளபளவென்று இருக்கும். வீடு வாங்கும்போது அதைப் பார்த்துத்தான் எனக்குப் பிடித்தது. இன்று சில்லு சில்லாக மூட்டையில் அள்ளியபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 8, சனி

காலையிலிருந்து மாலை வரை, பெங்களூரில் டைல்ஸ், பாத்ரூம் சாமான் கடைகள் இருக்கும் சித்தையா ரோடு. இவரும் வந்தார். பையில் பூரிக்கட்டை எடுத்துக்கொண்டு போனேன். கல்யாணத்தின்போது அம்மா தன் சமையலறையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அம்மா கை சின்னது, விரல்கள் மூட்டு மூட்டாக வீங்கியிருக்கும், ஆனால் அந்தக் கட்டையைப் பிடித்தால் விடாது. கைப்பிடிக் கம்பி என்ன பருமனில் வேண்டும் என்று அளவு சொல்ல எனக்குத் தெரியவில்லை. கட்டை சொல்லும் என்று நினைத்தேன்.

கடைப்பையன் முதலில் காட்டியது 38 எம்எம், கண்ணாடி மாதிரி பாலிஷ். கட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் தடி மாதிரி இருந்தது. 32 எம்எம் சரியாகப் பொருந்தியது. அப்புறம் கையில் சோப்பு போட்டுக்கொண்டு பிடித்துப் பார்த்தேன். பாலிஷ் கம்பி மீன் மாதிரி வழுக்குகிறது. நடுவில் சொரசொரப்பாகக் கடைந்திருக்கும் கம்பி நிற்கிறது. இரண்டுமே 304 ஸ்டீல்தான். சொரசொரப்பானதை எடுத்தேன். சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரை அங்குலம்தான் இருக்க வேண்டுமாம். அதற்கு மேல் இடைவெளி விட்டால் வழுக்கும்போது முழங்கை உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து அந்தக் காட்சி கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

டைல்ஸ் கடையில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்றார்கள். எண் ஏற ஏறப் பிடிப்பு அதிகம். ஒரு மக் தண்ணீரும் ஒரு பாக்கெட் ஷாம்பும் கேட்டு வாங்கி, மூன்றின் மேலும் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன். ஆர் 9இல் கட்டைவிரல் நழுவியது. ஆர் 11இல் குதிகால் அப்படியே நின்றது. அழுக்கு பிடிக்கும், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும் என்றார் கடைக்காரர். தேய்த்துக்கொள்கிறேன். நிறம் மட்டும் வெள்ளை வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன். வெள்ளைத் தரையில் வெள்ளைக் கமோடு இருந்தால் ராத்திரியில் அம்மாவுக்கு எது தரை, எது கமோடு என்று தெரியாது. ஒரு கண்ணில் இன்னும் புரை எடுக்கவில்லை. மழைமேகச் சாம்பல் எடுத்தோம்.

கமோடு கடைசியில். விரலை மடக்கி ஒவ்வொன்றையும் தட்டினேன். அப்பா சொல்லிக்கொடுத்தது. ராணிப்பேட்டை பாரிவேர் ஆலையில் வார்ப்புப் பிரிவில் இருந்தார். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றி, காயவைத்து, சூளையில் 1,200 டிகிரி வரைக்கும் வேகவைப்பார்கள். வெந்து வரும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருக்கும். அந்தச் சுருக்கத்தில்தான் கோணலும் விரிசலும் வரும். நன்றாக வெந்தது கோயில் மணி மாதிரி 'ணங்' என்னும், விரிசல் விட்டது 'டொக்' என்னும். எங்கள் ஊர் வீட்டில் டம்ளர், ஜாடி எது வாங்கினாலும் அப்பா தட்டாமல் உள்ளே விட மாட்டார். அப்புறம் தரையில் வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். கால் ஆடினால் வேண்டாம். மூன்றாவது ஆடவில்லை. ணங் என்றது. விளிம்பு 16, சீட்டோடு 17. ஒன்பது இஞ்ச் எஸ் ட்ராப் என்று மூன்று தடவை சொல்லிப் பில்லிலும் எழுத வைத்தேன்.

மழை அருவி மாதிரி கொட்டும் ஷவர், தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும், சுவருக்குள் ஒளித்த டைவர்ட்டர் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். இவர் நின்று பார்த்தார். எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

தரைக்கு வாட்டர்ப்ரூஃபிங் முடிந்து, கசிகிறதா என்று பார்க்க இன்று காலை தண்ணீர் கட்டியிருக்கிறது. 48 மணி நேரம் நிற்க வேண்டும்.

அம்மா பேசினாள். "கம்பி கிம்பியெல்லாம் வெக்காத. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். வர்றவங்க பாத்தா என்ன நினைப்பாங்க?" நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "தாழ்ப்பாள் இருக்கும்ல?" என்றாள்.

நவம்பர் 11, செவ்வாய்

கீழ்வீட்டு மாமாவோடு அவர்கள் பாத்ரூம் கூரையை டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு ஈரம் இல்லை. மாமி பில்டர் காபி கொடுத்தார்.

நவம்பர் 12, புதன்

கமோடு வந்தது. 12 இஞ்ச்.

பில்லில் 9 என்று இருக்கிறது, அட்டைப்பெட்டியில் 12 என்று இருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது. கடைக்குப் போன் செய்தால், வளைந்த கப்ளிங் ஒன்று போட்டு இழுத்துக்கொள்ளலாம் மேடம், எல்லாரும் செய்வதுதான் என்கிறார்கள். பிளம்பர் அண்ணன் தலையை ஆட்டினார். குழாய் வளைகிற இடத்தில் அடைப்பு வரும், கமோடும் மூன்று அங்குலம் முன்னால் வந்துவிடும். நாலரை அடி அகலத்தில் மூன்று அங்குலம் போனால் வாக்கர் திரும்பாது. நான் அளந்து அளந்து வைத்த இடம் அது. போனில் கத்திவிட்டேன். கத்தியதற்கு வருத்தப்படவில்லை. இன்னும் பத்தே நாள்.

நவம்பர் 14, வெள்ளி

மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வண்டியிலிருந்து இறக்கும் முன்பே தட்டிப் பார்த்தேன். ணங்.

நவம்பர் 15, சனி

கம்பி மாட்டும் நாள். தம்பி அம்மாவை உட்காரவைத்து முழங்கை உயரத்தையும் அளந்து அனுப்பியிருந்தான். படுக்கைவாட்டில் ஒரு கம்பி தரையிலிருந்து 28 அங்குலத்தில், அதன் முனையிலிருந்து செங்குத்தாக இன்னொன்று. கீழே இருப்பதை அழுத்தி எழுந்து, மேலே இருப்பதைப் பிடித்து நிற்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன்.

டிரில் முதலில் பொடி பொடியாகக் கக்கியது. திடீரென்று சத்தம் மாறி, பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல உள்ளே போனது. நாலு அங்குலச் சுவர், உள்ளே பொள்ளலான பிளாக். பிளாஸ்டிக் ஆணி போட்டு ஸ்க்ரூ முடுக்கினார், கையால் இழுத்ததும் ஆணியோடு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதை நம்பித்தானே அம்மா கை வைப்பாள்.

அண்ணன் படியில் உட்கார்ந்து டீ குடித்தார். யோசித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டார். அம்மா படுக்கப்போகும் அறை. அப்படியானால் துளையை அந்தப் பக்கம் வரைக்கும் விட்டுவிடலாம், நீள போல்ட், பின்னால் ஒரு ஸ்டீல் தகடு, நட்டு போட்டு முறுக்கினால் சுவரே வந்தால்தான் கம்பி வரும் என்றார். எஸ்.ஜே.பி. ரோட்டுக்கு ஓடித் தகட்டையும் போல்ட்டையும் வாங்கிவந்தார். மதியம் மூன்றரைக்கு முடிந்தது.

இவர் 78 கிலோ. இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கித் தொங்கினார். அசையவில்லை. அப்புறம் நான் தொங்கினேன். அப்புறம் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

படுக்கையறைச் சுவரில் தகடும் நட்டுகளும் தெரிகின்றன. முருகர் காலண்டரை அதன் மேல் மாட்டிவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

சுவரே வந்தால்தான் கம்பி வரும்.

நவம்பர் 17, திங்கள்

குழாய்கள். அம்மாவுக்கு ஷவர் ஆகாது, தலைக்குச் செம்பில் மொண்டு ஊற்றினால்தான் குளித்த மாதிரி. அதனால் பக்கெட் இருக்கத்தான் வேண்டும். ஆனால் குனியக் கூடாது. பக்கெட்டை ஒரு அடி முக்காலி மேல் வைத்து, குழாயை 30 அங்குலத்துக்கு ஏற்றினோம். பக்கத்தில் கை வைத்த குளியல் நாற்காலி. கை ஷவரும் ஒன்று, உட்கார்ந்தால் எட்டும் உயரத்தில். என்றைக்காவது மனசு மாறினால்.

திருகும் குழாய் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. விரலை மடக்கி, முஷ்டியால் தள்ளித் திறக்க முடிந்தால்தான் எடுப்பது என்று கடையில் ஒவ்வொன்றையும் முஷ்டியால் தள்ளிப் பார்த்தேன். கால் சுற்றில் திறக்கும் நீளப்பிடிக் குழாய் சரியாக இருந்தது. எடையும் இருந்தது, பித்தளை.

2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது அபார்ட்மெண்டுகளில் ஏரேட்டர், அதாவது குழாய் முனையில் மாட்டித் தண்ணீரை மிச்சப்படுத்தும் சல்லடை, கட்டாயம் என்று பெங்களூர்க் குடிநீர் வாரியம் சொன்னதிலிருந்து எங்கள் வாஷ்பேசின் குழாய்களில் எல்லாம் இருக்கிறது. போர் தண்ணீரின் உப்பு அதன் சல்லடையில் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும், மாதம் ஒரு தடவை கழற்றி எலுமிச்சைச் சாற்றில் போடுவேன். சூட்டைத் தானே சரிசெய்யும் மிக்ஸர் ஒன்று இருக்கிறது, 38 டிகிரியில் நிறுத்திவைக்கலாம். அதைத்தான் வாங்க ஆசைப்பட்டேன். இந்த உப்புத் தண்ணீரில் அதன் உள்பாகம் இறுகிவிடும், வருஷா வருஷம் கழற்றிச் சுத்தம் செய்யணும் என்று அண்ணன் தடுத்தார். கீசரின் சூட்டையே குறைத்து வைத்துவிட்டோம். முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். எழுதி ஒட்டலாமா? வேண்டாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்.

நவம்பர் 19, புதன்

கதவு இப்போது வெளிப்பக்கமாகத் திறக்கிறது. ஆசாரி கீலை மாற்றி, நிலையில் பழைய பள்ளத்தை அடைத்துக் கொடுத்தார்.

தாழ்ப்பாளில்தான் சண்டை. தம்பி தாழ்ப்பாளே வேண்டாம் என்கிறான். அம்மா உள்ளே விழுந்த அன்றைக்குக் கதவை உடைத்தது அவன். அவன் சொல்வது புரிகிறது. ஆனால் தாழ் போடாமல் அம்மா உள்ளே உட்கார மாட்டாள். வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்தாலே அடக்கிக்கொண்டு வந்துவிடுவாள், எனக்குத் தெரியும். கடைசியில் ஆசாரியே ஒன்று கொண்டுவந்தார். உள்ளே குமிழைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். வெளியே சின்னதாக ஒரு பிளவு. ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். இவரை உள்ளே போய்ப் பூட்டச் சொல்லி, வெளியிலிருந்து பத்துத் தடவை திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு. இருட்டில்.

காசைக் கதவு நிலைக்கு மேலே வைத்திருக்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

ராத்திரி மூன்று மணி. காசு விழுந்துவிட்டதா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். இருக்கிறது. இன்னொன்றும் வைத்தேன்.

நவம்பர் 22, சனி

மதியம் இரண்டு மணிக்கு வந்தார்கள். ஒசூரில் ஒரு மணி நேரம் நெரிசலாம். அம்மா இளைத்திருக்கிறாள். லிஃப்டிலிருந்து வாக்கரை ஊன்றி ஊன்றி வந்து, நாற்காலியில்கூட உட்காராமல், "எங்க?" என்றாள்.

கூடவே போனேன். கதவோரம் நின்று பார்த்தாள். கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். விரல்கள் சுற்றி வந்து கட்டைவிரலைத் தொட்டன. "என் கட்டை மாதிரி இருக்கு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாக்கரை உள்ளே திருப்பி, சுவரில் இடிக்காமல் திரும்பியதும் என்னைப் பார்த்து, "நீ போ" என்றாள்.

பூட்டுகிற சத்தம்.

நிலைக்கு மேலிருந்து காசை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தம்பி ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தான். வாயைத் திறக்காதே என்று சைகை காட்டினேன். தண்ணீர்ச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் கமோடு மேல் ஏதோ 'ணங்' என்று பட்டது, எனக்கு மூச்சே நின்றுவிட்டது. காசைப் பிளவில் வைத்தேன்.

"என்ன, அங்கயே நிக்கறியா?" என்றாள் உள்ளேயிருந்து. "வளையல் பட்டுச்சு. போய் சோத்த வை."

நவம்பர் 23, ஞாயிறு

வாஷ்பேசின் அடியில் தண்ணீரை மூடித் திறக்கும் ஆங்கிள் காக் சொட்டுகிறது. அண்ணனை நாளைக்கு வரச் சொல்ல வேண்டும்.