அண்ணாச்சிக்கு எல்லாக் கேள்வியும் தெரியும்

இன்னிக்கு சைக்யாட்ரி வார்டில் கேஸ் பிரசன்ட் பண்ணிய மெடிக்கல் ஸ்டூடண்ட் பையன் மாட்டியது மளிகைக்கடை அண்ணாச்சியிடம். டிப்ரஷனிலிருந்து தேறி வருகிறவர், முகம் கொடுத்துப் பேசுவார். 'நல்ல கேஸ்' என்று பேர் வாங்கிவிட்டால் போச்சு, வருகிற பேட்ச்செல்லாம் அந்தக் கட்டிலைத்தான் மொய்க்கும்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னான். 93, 86, 79, 72, 65 வந்தால் போதும். அண்ணாச்சி மூச்சு விடாமல் 2 வரை இறங்கி, "மீதி ரெண்டு ரூபாய்க்கு மிட்டாய் தரவா தம்பி?" என்றார். பையனின் போன் கால்குலேட்டர் இன்னும் 72-ல் நிற்கிறது. கல்லாவில் உட்கார்ந்தவருக்குக் கழித்தல் கைப்பழக்கம். கவனம் எப்படி இருக்கிறதென்று அதில் தெரியாது. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லணும். பள்ளிக்கூடம் போகாதவர் என்றால் 20-லிருந்து ஒவ்வொன்றாக.

அடுத்தது ஜட்ஜ்மென்ட், அதாவது சமயத்துக்குத் தக்க முடிவெடுக்கிறாரா என்று பார்ப்பது. விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர் ரோட்டில் கிடந்தால்?

"போஸ்ட் பாக்ஸ்ல போடுவேன்னு போன பேட்ச்சுக்கே சொல்லிட்டேன். எங்க தெருவுல இருந்த பாக்ஸைத்தான் தூக்கிட்டாங்களே!"

யூனிட் சீஃப் டாக்டர் இருமினார். அந்தக் கேள்விக்கு எப்பவோ பென்ஷன் கொடுத்திருக்கணும்.

மூடுக்கு 'நார்மல்' என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டான். மூட் என்பது அவர் வாயால் சொன்னது, அஃபெக்ட் என்பது நாம் பார்த்தது. இன்சைட், அதாவது தனக்கு நோய் இருக்கிறதென்ற புரிதல், 'இருக்கிறது' என்றான். ஆறு கிரேடில் எது என்றதும் ஃபேனைப் பார்த்தான்.

ஷீட்டை மூடும்போது அண்ணாச்சியே ஆரம்பித்தார்: "சாகணும்னு தோணுதான்னு கேக்கலையே தம்பி? அது முக்கியமாச்சே."

பசங்க முழுங்கிவிடும் கேள்வி அது. கேட்டால் நாமே அந்த நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்று பயம். கேட்பதால் அப்படி வராது. பையன் கேட்டான். "இப்ப இல்ல" என்றார். "முன்னாடி?" என்று இன்னொன்று சேர்த்தான் பாருங்கள், அதற்கு முழு மார்க் கொடுக்கலாம்.

"சேக்கறதுக்கு முன்னாடி இருந்துச்சு. யாரும் முன்னாடின்னு கேக்கல."

டிபன் கேரியரோடு நின்ற அவர் வீட்டம்மா, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றார்.

சீஃப் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். முதல் வரி: 'தகவல் தந்தவர் மனைவி, நம்பகமானது, போதுமானது.'

"போதுமானதை அடிப்பா. ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா உக்காந்து கேளு. நாளைக்கு முதல்லேருந்து சொல்லு."

"சாப்ட்டுட்டு வாங்க தம்பி, பேசுவோம்" என்றார் அண்ணாச்சி.