லிசிஸ்னு முடியற எல்லாமே ஒரே குடும்பம்

கோலாலம்பூர்ல நம்ம ஆளுங்க வீட்டுல டயாலிசிஸ்ங்கற வார்த்தைய கேக்காதவங்க ரொம்ப கம்மி. இனிப்புநீர், அதாவது சக்கர வியாதி வந்து கிட்னி போயி, வாரத்துக்கு மூணு தடவ நாலு நாலு மணி நேரம் மெஷின்ல படுத்திருக்கற ஒரு மாமாவோ அத்தையோ எல்லா குடும்பத்துலயும் இருக்காங்க. அதே வீட்டுல ஃபார்ம் 5 படிக்கற பிள்ள எஸ்பிஎம் பரீட்ச கெமிஸ்ட்ரிக்கு எலெக்ட்ரோலிசிஸ், ஹைட்ரோலிசிஸ்னு மனப்பாடம் பண்ணிட்டு இருக்கும். ரெண்டுக்கும் ஒரே வேர்னு அந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல, மலாய்ல படிச்சாலும் டயாலிசிஸ் எலெக்ட்ரோலிசிஸ்னுதான் வருது, இங்கிலீஷ்ல படிச்சாலும் அதேதான், ஆனா நடுவுல இருக்கற அந்த லிசிஸ் என்னன்னு ஒரு வரி கூட கிடையாது. நான் லேப்ல வேல செய்யறவன், இந்த வார்த்தைங்க ரிப்போர்ட்டுல தினமும் என் கண்ணுல படுது, அதனாலதான் இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

கிரேக்கத்துல லூசிஸ்னா அவிழ்க்கறது, தளர்த்தறது. கட்டி இருக்கறத கழட்டி விடறது. இத மட்டும் மனசுல வச்சிக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையிலயும் எது எதுலேர்ந்து அவிழுதுன்னு கேட்டா போதும், பாதி பாடம் தானா புரிஞ்சிடும்.

எலெக்ட்ரோலிசிஸ எடுத்துக்கங்க. கரண்டால அவிழ்க்கறது. மைக்கேல் ஃபாரடே 1834ல இந்த வார்த்தைய கொண்டு வந்தாரு. அவரு கொல்லர் வீட்டுப் பிள்ள, சின்ன வயசுல புத்தகம் பைண்டிங் பண்ற கடையில வேல கத்துக்கிட்டவரு, கிரேக்கம் படிக்கல, அதனால தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு கேட்டு ஆனோட், கேத்தோட், அயான்னு ஒரு முழு வார்த்தக் கூட்டத்தையே கட்டுனாரு. அந்தக் கூட்டத்துல ஒண்ணுதான் எலெக்ட்ரோலைட். கடைசில வர்ற லைட்டும் அதே வேர்தான், அவிழக்கூடியதுன்னு அர்த்தம். இன்னிக்கு கிளினிக்ல ரத்தம் எடுத்து சோடியம் பொட்டாசியம் பாக்கறாங்களே, அந்த எலெக்ட்ரோலைட்டும் ஃபாரடே சொன்ன அதே வார்த்த.

டயாலிசிஸ் 1861ல வந்துச்சு. ஸ்காட்லாந்துக்காரரு தாமஸ் கிரஹாம் வச்ச பேரு, டயான்னா ஊடாக. ஒரு மெல்லிசான பார்ச்மென்ட் தாள நடுவுல வச்சா உப்பு மாதிரி சின்னச் சின்ன மூலக்கூறெல்லாம் அதுக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போயிடும், பசை மாதிரி பெருசா இருக்கறது இந்தப் பக்கமே நின்னுடும். சிறுநீர இப்படி வச்சு யூரியா பிரிஞ்சு போறதயும் அவரு காட்டிட்டாரு. மனுஷனுக்கு வேல செய்யற மாதிரி மெஷின் வர்றதுக்கு அப்புறமும் எண்பது வருஷம் ஆச்சு. 1943ல நெதர்லாந்துல, ஜெர்மன்காரங்க பிடிச்சு வச்சிருந்த காலத்துல, கம்பென்ங்கற சின்ன ஊர் ஆஸ்பத்திரில வில்லெம் கோல்ஃப்ங்கற டாக்டர், சாசேஜ் தோலுக்கு வர்ற செலோஃபேன் குழாய மர உருளையில சுத்தி, அதுல ரத்தத்த ஓட விட்டு உப்புத்தண்ணித் தொட்டியில சுழல வச்சாரு. ஆரம்பத்துல வந்த நோயாளிங்கள்ல கிட்டத்தட்ட எல்லாரும் இறந்துட்டாங்க. 1945ல 67 வயசு அம்மா ஒருத்தங்க பொழச்சி எழுந்தாங்க. இப்ப உங்க வீட்டு ஆளுக்கு மெஷின்ல பக்கத்துல இருக்கற அந்த நீட்டு ஃபில்டருக்குள்ள நடக்கறதும் இதேதான், யூரியா, கிரியாட்டினின் மாதிரி கழிவு, மிஞ்சுன பொட்டாசியம் எல்லாம் சவ்வு வழியா வெளிய போயிடும், ரத்த அணுவும் புரதமும் உள்ளயே நிக்கும்.

தமிழ்ல மின்னாற்பகுப்பு, நீராற்பகுப்பு, பகுப்பாய்வுன்னு லிசிஸ் வர்ற இடமெல்லாம் பகுப்புன்னு அழகா ஒரே வேர வச்சிருக்காங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. டயாலிசிஸ் மட்டும் கூழ்மப்பிரிப்புன்னு தனியா போயிடுச்சு, ஆனா கிரஹாம் பண்ண வேலைக்கு அந்தப் பேரு சரியாத்தான் பொருந்துது. கேட்டாலிசிஸ், 1835ல பெர்சீலியஸ் வச்சது, நம்மகிட்ட வினையூக்கம்னு ஆயிடுச்சு, அதுல பகுப்ப காணோம்.

லேப்ல நாங்க அதிகமா பாக்கறது ஹீமோலிசிஸ். ஹீமான்னா ரத்தம், சிவப்பணு ஒடஞ்சு உள்ள இருக்கறது வெளிய கொட்டறது. ரத்தம் எடுக்கும்போது ஊசி சின்னதா இருந்தாலோ டியூப்ப வேகமா குலுக்கிட்டாலோ கூட இது நடக்கும், செல்லுக்குள்ள பொட்டாசியம் ரொம்ப அதிகம், அது வெளிய வந்துட்டா ரிப்போர்ட்டுல பொட்டாசியம் பொய்யா ஏறிடும். அதனாலதான் சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிடுச்சு மறுபடி எடுக்கணும்னு நர்ஸ் வந்து கேக்கறாங்க. தயவு செஞ்சு கோவப்படாதீங்க, டயாலிசிஸ் ஆளுக்கு பொட்டாசியம் தப்பா தெரிஞ்சா மருந்தே மாறிப் போயிடும்.

உடம்புக்குள்ளயே ஹீமோலிசிஸ் நடக்கறது வேற கத. நம்ம நாட்டுல பிறக்கற குழந்தைக்கு தொப்புள்கொடி ரத்தத்துல ஜி6பிடிங்கற என்சைம் பாக்கறாங்களே, அது இதுக்காகத்தான். அந்த என்சைம் கம்மியா இருக்கற குழந்தைக்கு நாப்தலின் பட்டா சிவப்பணு ஒடையும். உபாட் கெகாட், அதாவது நாப்தலின் உருண்டை போட்டு வச்ச அலமாரியிலேர்ந்து பழைய தொட்டித் துணியயும் சின்னச் சட்டையயும் எடுத்து அப்படியே குழந்தைக்கு போடாதீங்க, பாட்டி ஆசையா பத்திரமா வச்சிருந்ததா இருந்தாலும் சரி.

இப்ப நான் சொல்ல வந்ததுலயே முக்கியமானதுக்கு வர்றேன். பாராலிசிஸ். பாரான்னா பக்கத்துல, கையும் காலும் கட்டு தளந்து போறது, நம்ம பக்கவாதத்துலயும் ஒரு பக்கம் நிக்குது பாருங்க. முகம் ஒரு பக்கமா கோணிக்கிட்டா பெல்ஸ் பால்சின்னு டாக்டர் சொல்வாங்க, அந்த பால்சியும் பாராலிசிஸ்தான், பிரெஞ்சு வழியா தேஞ்சு தேஞ்சு வந்துச்சு. மூளைக்கு போற ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சு ஸ்ட்ரோக் வந்தா அதுக்கு குடுக்கற மருத்துவத்துக்கு பேரு த்ரோம்போலிசிஸ், த்ரோம்போஸ்னா உறைஞ்ச கட்டி, அத அவிழ்க்கறது. வியாதியிலயும் லிசிஸ், வைத்தியத்துலயும் லிசிஸ், தளந்து போன கைய காப்பாத்த உறைஞ்சு போன ரத்தத்த தளர்த்தறாங்க. அல்டெப்லேஸ்ங்கற அந்த ஊசிய பொதுவா அறிகுறி ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் எடுத்து மூளையில ரத்தக்கசிவு இல்லன்னு பாத்தாகணும், ரத்தக்கசிவு இருந்தா இந்த ஊசி ஆபத்து. அதனால வாய் கோணுச்சு, பேச்சு குழறுச்சு, கை தூக்க முடியலன்னா எண்ணெய் தேச்சிப் பாப்போம், காலையில பாப்போம்னு வீட்டுல வச்சிருக்காதீங்க, மணி என்னன்னு பாத்து வச்சிக்கிட்டு 999 கூப்பிடுங்க. எப்ப ஆரம்பிச்சதுன்னுதான் டாக்டர் முதல்ல கேப்பாங்க.

கடைசியா ஒண்ணு, புற்றுநோய்க்கு கீமோ மருந்து எடுக்கற குடும்பங்களுக்கு. டியூமர் லிசிஸ்னு ஒண்ணு இருக்கு, முக்கியமா ரத்தப் புற்றுநோய், லிம்ஃபோமாங்கற நிணநீர்ப் புற்றுநோய் மாதிரி வேகமா வளர்றதுல வரும். மருந்து நல்லா வேல செஞ்சு புற்று செல்லெல்லாம் ஒரே நேரத்துல ஒடஞ்சா உள்ள இருந்த பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் ரத்தத்துல கொட்டும், யூரிக் ஆசிட் ஏறும், கிட்னி திணறும், சில பேருக்கு டயாலிசிஸ் வரைக்கும் போகும். இத தடுக்கத்தான் முன்னாடியே அலோபியூரினால் மாத்திரை குடுக்கறாங்க, டிரிப் நிறைய ஏத்தறாங்க, முதல் சில நாள்ல திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கறாங்க. வார்டுல இவ்ளோ ரத்தம் எதுக்கு எடுக்கறீங்கன்னு கேட்டு எலெக்ட்ரோலைட் பாக்கணும்னு பதில் வந்தா, அவங்க தேடறது இதத்தான்.