ரப்பர் பால் கணக்கும் ஜேசனும்

குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் பால் கொள்முதல் நிலையங்களுக்கான மென்பொருளை நாகர்கோவிலில் இருந்தபடி பராமரிக்கிறேன். பாலின் எடையையும் டிஆர்சியையும், அதாவது அதில் எத்தனை சதவீதம் உலர் ரப்பர் என்பதையும், நிலையத்துச் செயலி ஜேசனாக (JSON), அதாவது நிரல்கள் ஒன்றுக்கொன்று தரவைப் பரிமாறும் எழுத்து வடிவமாக, அனுப்பும். சர்வர் அதைப் பிரித்துக் கணக்கில் சேர்க்கும். மாதக் கடைசியில் அதே தரவு மறுபடி ஜேசனாகிப் பணம் அனுப்பும் நிரலுக்குப் போகும். விடியுமுன் பால் வெட்டப் போகிறவரின் கூலி இந்த மாற்றங்களை நம்பித்தான் இருக்கிறது.

டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2000-களின் தொடக்கத்தில் பரப்பிய வடிவம் ஜேசன். இப்போதைய இணையத் தரநிலை 2017-ல் வந்த ஆர்எஃப்சி 8259. ஸ்ட்ரிங் எனும் எழுத்துச் சரம், எண், ஆம்-இல்லை, வெற்று மதிப்பு, பட்டியல், பெயரும் மதிப்புமான தொகுப்பு, அவ்வளவுதான். தேதிக்கு என்று தனி வகை கிடையாது. மாற்றுகிற வேலையை ஆயத்த நிரல் நூலகங்கள் ஒரே வரியில் செய்துவிடும். ஒவ்வொரு மதிப்பும் உண்மையில் என்ன என்பதை இரண்டு பக்கமும் முதலிலேயே பேசி முடிக்காவிட்டால் அந்த ஒரு வரி உதவாது.

ஒருமுறை நிலையத்திலிருந்து போன். “சார், ஒண்ணாந்தேதி கொண்டு வந்த பாலு போன மாசக் கணக்குல நிக்குது.” ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் தேதியை ஜேசனாக்கினால் அது உலகப் பொது நேரத்துக்கு மாறிவிடும். நமக்கு ஜூன் 1 நள்ளிரவு 12 மணி என்றால் அங்கே மே 31 மாலை 6.30. செயலி நாளை மட்டும் வைத்துக்கொண்டு நேரத்தை நள்ளிரவு என்று நிரப்பியிருந்தது; சர்வர் தேதிப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தது. இப்போது கொள்முதல் நாள் 2021-06-01 என்பதுபோல வெறும் ஸ்ட்ரிங்காகவே போகிறது.

வங்கிக் கணக்கு எண்ணும் ஸ்ட்ரிங்தான். ஜேசனில் ஓர் எண் 0123 என்பதுபோலப் பூச்சியத்தை முன்னால் வைத்துத் தொடங்கக் கூடாது. ஜாவாஸ்கிரிப்டோ 9007199254740991-ஐத் தாண்டினால் முழு எண்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறும், பிழைச் செய்தி ஒன்றும் வராது. கூட்டவோ கழிக்கவோ போகாத எதையும் எண்ணாக அனுப்ப நான் சம்மதிப்பதில்லை. தொகையைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாக அனுப்புகிறோம்.

என்னை அதிக நாள் உட்காரவைத்தது ஊர்ப் பெயர். ஊர்வாரி அறிக்கையில் கோதையாறு இரண்டு தடவை, இரண்டு வேறு மொத்தங்களோடு வந்தது. திரையில் இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் தரநிலையான யூனிகோடில் ‘கோ’வை க-வோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், க-வோடு ஏகாரக் குறி, ஆகாரக் குறி என இரண்டைச் சேர்த்தும் எழுதலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பதிவுகள் இரண்டாம் வகை, கைபேசியில் தட்டியவை முதல் வகை. ஜேசன் இரண்டையும் அப்படியே கொண்டுவந்தது. அதன்மேல் குறையே இல்லை. ஆனால் ஊர்ப் பெயரையே சாவியாக, அதாவது மதிப்பைத் தேடி எடுக்கும் பெயராக, வைத்த தொகுப்பில் அவை இரண்டு தனிச் சாவிகள் ஆகிவிட்டன.

பைத்தான் நிரல்மொழியில் ஜேசனாக்கும்போது தமிழ் எழுத்துகள் பின்சாய்வுக் கோடும் யூ எழுத்தும் நான்கு இலக்கமுமாக மாறுவதைப் பார்த்து, தரவு கெட்டுவிட்டதென்று புதிதாக வருகிறவர்கள் பயப்படுவார்கள். கெடவில்லை, திரும்பப் படித்தால் அதே எழுத்துதான். யூனிகோடு எழுத்தைப் பைட்டுகளாக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் மூன்று பைட் பிடிக்கிற குறி இப்படி ஆறு பைட் பிடிக்கும், சிக்னல் மங்கலான மலையோரத்தில் அது மட்டும் உறுத்தும். அதனால் எழுத்தாகவே அனுப்பும்படி மாற்றிவிட்டேன்.

இனி வரும் ஊர், ஆள் பெயர்களை உள்ளே எடுக்கும்போதே, ‘கோ’ போன்றவற்றை ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம். சாவியாக ஊருக்கு ஒரு குறியீடு. பழைய பதிவுகளை மட்டும் ஒரே மூச்சில் ஒன்றாக்கவில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம், ஒருவர் பணம் இன்னொருவர் கணக்கில் ஏறக் கூடாது. நிலையத்துக் கையெழுத்துப் பேரேட்டோடு வரி வரியாக ஒப்பிட்ட பிறகே சேர்க்கிறோம். திருவட்டாறு முடிந்துவிட்டது, குலசேகரம் இப்போது நடக்கிறது.