முறுக்கு டப்பாவும் மெட்ரோ அறிவிப்பும்

என் பேரனுக்கு மூன்று வயது ஏழு மாதம். ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால் ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு. வடபழனியில் மெட்ரோ ஏறி அண்ணா நகர் டவரில் இறங்குவோம். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவள் நான். பொறுமைக்குக் குறைச்சல் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

முதலில் போன இடத்தில் பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள். நாற்பது நிமிடம் கழித்து, "இன்னைக்கு நல்லா ஒத்துழைச்சான்" என்பார்கள். ஐந்து மாதத்தில் நிறுத்திவிட்டோம்.

இப்போதைய இடத்தில் நானும் பாயில் உட்கார வேண்டும். அங்கே பயிற்சி தரும் பெண் முதலில் கேட்டது காது பரிசோதனை ரிப்போர்ட். (காது சரியாகக் கேட்கிறதா என்று தெரியாமல் பேச்சுப் பயிற்சி தொடங்க மாட்டாளாம். முந்தைய இடத்தில் யாரும் கேட்கவே இல்லை.) அப்புறம், "அம்மா, முறுக்கு வேணும்னா இவன் எப்படிக் கேட்பான்?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவன் கேட்டதே இல்லை. கண் போகிற பக்கம் பார்த்து நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

"இனிமே கொடுக்காதீங்க" என்றாள். உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் போட்டு, அவனால் திறக்க முடியாதபடி மூடியை இறுக்கி, எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டும். அவன் கொண்டுவந்து நீட்டினால் "திற" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். "சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்கக் கூடாது. என்னைப் பார்த்தாலோ, ஒரு சத்தம் எழுப்பினாலோ அதுவே கேட்டதாகக் கணக்கு. உடனே திறந்துவிட வேண்டும். அழ விடக் கூடாது.

பத்து இவ்வளவு பெரிய எண் என்று எனக்குத் தெரியாது. முதல் வாரம் நாலு, ஐந்திலேயே கை தானாக மூடிக்குப் போனது. மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம், ஏழு எண்ணும்போது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அதுவரை என் கையை மட்டும்தான் இழுப்பான். கைக்கு மேலே ஓர் ஆள் இருப்பதைக் கவனித்தது அன்றுதான். நான் திறக்க மறந்து உட்கார்ந்திருக்க, டப்பாவைத் தட்டி ஞாபகப்படுத்தினான்.

இன்னொன்று. "கதவுகள் இடதுபக்கம் திறக்கும்" என்று மெட்ரோ அறிவிப்பை வீட்டில் சுத்தமாகச் சொல்வான். "பேசுறானே, அப்புறம் என்ன?" என்பார்கள் சொந்தக்காரர்கள். எப்போதெல்லாம் சொல்கிறான் என்று நோட்டில் எழுதச் சொன்னாள் அந்தப் பெண். எழுதினால், மிக்ஸி ஓடும்போது, விருந்தாளிகள் சத்தமாகச் சிரிக்கும்போது. இங்கிருந்து என்னை வெளியே கூட்டிப் போ என்று அர்த்தம்! கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் இதற்கு எக்கோலாலியா என்று பெயர். நிறுத்த வேண்டிய பழக்கம் இல்லை, அவன் பேசும் விதமே அதுதான் என்றாள். இப்போது அவன் சொன்னதும் "வெளியே போலாம்" என்று சொல்லி வராந்தாவுக்குத் தூக்கிப் போகிறோம்.

வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசச் சொன்னவர்களும் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பிள்ளையைக் கொஞ்சுவதற்கு உங்களுக்கு எந்த மொழி வருகிறதோ அதில் பேசுங்கள் என்றாள். நல்லவேளை. என் இங்கிலீஷ் மணியார்டர் ஃபாரத்தோடு சரி.

அடுத்து, படத்தைத் தொட்டால் பேசும் 'ஆவாஸ்' செயலியைப் பழக்கலாம் என்கிறாள். நம் சென்னையில் உருவானதுதான். அதற்குப் பழகினால் வாய் திறக்கவே மாட்டான் என்று மகனுக்குப் பயம். இப்படிப்பட்ட கருவிகள் பேச்சைத் தடுப்பதில்லை என்று அவள் சொல்லியும் வீட்டில் வாக்குவாதம் ஓயவில்லை.

நேற்று சட்னிக்கு மிக்ஸி போட்டேன். ஓடிவந்து, "கதவு திறக்கும்" என்றான். 'இடதுபக்கம்' இல்லை, 'கதவுகள்' கதவாகிவிட்டது. அவனே வெட்டிக்கொண்ட வாக்கியம். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை காட்ட வேண்டும்.