இதய அறுவைக்கு டாக்டர் மட்டும் போதாது

கோலாலம்பூரில் ஐ.ஜே.என் என்ற தேசிய இதய மருத்துவமனை 1992-இல் தொடங்கியது. இன்று நம் வீட்டுப் பெரியவருக்கு பைபாஸ் என்றால் அது இருக்கும் ஜாலான் துன் ரசாக்குக்கு ஓடுகிறோம். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் ஓடிப்போக அப்படி ஓர் இடமே இல்லை.

அங்கே பிள்ளைகளை வாட்டுவது ருமாட்டிக் இதய நோய். பென்சிலினில் தீர்ந்திருக்க வேண்டிய தொண்டைத் தொற்று, கவனிக்காமல் விட்டதால் இதய வால்வைக் கெடுத்துவிடுகிறது. எனக்கு மனசு ஆறாத விஷயம் இது.

வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து சில பிள்ளைகளுக்கு அறுவை செய்துவிட்டுப் போவது நல்ல காரியம்தான். சரி, அப்புறம்? அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் பார்க்கும் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். ஐ.சி.யூ-வில் இரவெல்லாம் கண்விழிக்கும் தாதி, ரத்த வங்கி, இயந்திரம் பழுதானால் சரிசெய்ய ஆள், எல்லாம் உள்ளூரிலேயே வேண்டும். உலோக வால்வு வைத்த பிள்ளை ஆயுள் முழுக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும். அதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை. மலைக்கிராமத்தில் யார் செய்வது?

சூடானின் கார்ட்டூமில் 2007-இல் திறந்த சலாம் மையம் இலவசமாக இதய அறுவை செய்து காட்டியது. ஆக, முடியாத காரியம் இல்லை.

இப்படிப்பட்ட திட்டங்களுக்கு நன்கொடை தரும் நண்பர்களே, உள்ளூர் தாதிகளின் பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.