லிங்கன் வாழ்ந்த ஊர்களில், கூடாரத்தோடு

செப்டம்பர் 8, ஹாட்ஜன்வில், கென்டக்கி

அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் பிறந்த இடத்தில் எழுப்பிய நினைவு மண்டபத்துக்கு 56 படிகள். அவர் வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கு அது. உள்ளே இருக்கும் மரக்குடிலை அவர் பிறந்த வீடென்றே நெடுங்காலம் காட்டிவந்தார்கள். 2004இல் மர வளையங்களை ஆராய்ந்தபோது கட்டைகள் 1840களைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. அவர் பிறந்ததோ 1809. மண்டபத்துக்குள் அடங்கவேண்டும் என்று குடிலைக் குறுக்கியும் விட்டார்கள். அதனால் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பள்ளத்தில் இருக்கும் ஊற்றுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கவேண்டும். அவர் குடும்பம் தண்ணீர் எடுத்த இடம், இன்னும் கசிகிறது.

இங்கே கூடாரம் அடிக்க முடியாது. மதியமே இந்தியானாவுக்குக் கிளம்பினால் இருட்டும் முன் சேரலாம். வழியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளவேண்டும்.

செப்டம்பர் 9, லிங்கன் ஸ்டேட் பார்க், இந்தியானா

விறகு கொண்டுவர வேண்டாம். ஆஷ் மரங்களை அழிக்கும் எமரால்டு வண்டின் புழு பட்டைக்கு அடியில் ஒளிந்து ஊர்விட்டு ஊர் போகிறது. அதனால் பட்டை உரித்த விறகோ, முத்திரையிட்ட விறகோதான் செல்லும். உள்ளூரிலேயே வாங்கிவிடுவது சுலபம்.

இரவில் மழை. கூடாரத்துக்குக் கீழே விரிக்கும் தார்ப்பாய் ஒரு விரற்கடை வெளியே நீட்டியிருந்தாலும் போதும், மேலே விழும் தண்ணீரை வாங்கி அடியில் தேக்கிவிடும். நான்கு பக்கமும் உள்ளே மடித்துவிட வேண்டும். குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை மூடினால், மூச்சின் ஈரமே விடிவதற்குள் போர்வையை நனைத்துவிடும்.

செப்டம்பர் 10, அங்கேயே

சாலைக்கு எதிர்ப்புறம்தான் லிங்கன் 7 வயது முதல் 21 வயதுவரை வளர்ந்த பண்ணை. குடில் இருந்த இடத்தில் அடிக்கட்டைகளையும் அடுப்பையும் வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். குன்றின்மேல் தாய் நான்சியின் கல்லறை.

அவர் 1818 அக்டோபர் 5 அன்று பால் நோயால் இறந்தார். காரணமான செடி வைட் ஸ்னேக்ரூட். காட்டோர நிழலில் வளரும். எதிரெதிராக, ஓரம் பல்பல்லாக இலைகள். உச்சியில் பஞ்சு போன்ற சிறு வெள்ளைப் பூங்கொத்து. கோடையின் கடைசியில் புல் காய்ந்ததும் மாடுகள் காட்டுக்குள் போய் இதைத் தின்னும். விஷம் பாலில் இறங்கும். பாலைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. தாய் இறந்தபோது லிங்கனுக்கு 9 வயது. பூக்கும் பருவத்தில் வந்து அந்தச் செடியை அடையாளம் கண்டபின் கல்லறைக்கு ஏறுவதே சரியான வரிசை.

அக்கா சாராவின் கல்லறை முகாம் இருக்கும் பூங்காவுக்குள்ளேயே, லிட்டில் பிஜன் தேவாலயத்தருகே இருக்கிறது. பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

காட்டுப்பாதையில் உண்ணி உண்டு. காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி நடக்கவேண்டும். திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்க்கவேண்டும்.

செப்டம்பர் 12, நியூ சேலம், இல்லினாய்

1831 முதல் 1837வரை லிங்கன் இருந்த கிராமம். தபால் நிலைய அதிகாரியாக, நில அளவையாளராக வேலை பார்த்தார். வீடுகள் எல்லாம் மறுபடி கட்டியவை. ஒன்றே ஒன்று அசல்: 1835இல் கட்டிய ஆன்ஸ்டாட் பீப்பாய்ப் பட்டறை. அதையும் பக்கத்து ஊரான பீட்டர்ஸ்பர்க்குக் கொண்டுபோய், 1922இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். முகாம் அருகிலேயே.

செப்டம்பர் 13, ஸ்பிரிங்ஃபீல்ட்

லிங்கன் 1844இல் வாங்கிய வீடு. இலவசச் சீட்டு, வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். காலையிலேயே வாங்கிவிட வேண்டும். மாடிப்படியின் கைப்பிடி அவர் பிடித்து ஏறிய அதே மரம், தொடலாம். பையை வண்டியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போகவும்.